செலாயாங் சுடுநீரும் இடது காலும்

பக்கவாதம் வந்ததிலிருந்து என் கணவருக்கு இடது பாதத்தில் உணர்ச்சி இல்லை. கிள்ளினாலும் தெரியாது. நடை ஓரளவு திரும்பிவிட்டது, ஆனாலும் என்ன பயன்? அவர் லோரி ஓட்டியவர். கிளட்ச் மிதிக்கும் கால் அது. அந்தக் கால் வந்தால்தான் மறுபடி ஓட்ட முடியும். வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது அவரைத் தின்றுகொண்டிருந்தது.

சனிக்கிழமை காலைகளில் செராஸிலிருக்கும் எங்கள் வீட்டிலிருந்து செலாயாங் சுடுநீர்க் குளத்துக்குக் கூட்டிப்போவேன். மரத்துப்போன கால் வெந்தாலும் தெரியாது, கவனம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் நீரை வாளியில் பிடித்து ஆறவிட்டு, என் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகுதான் குவளையால் அந்தக் காலில் ஊற்றுவேன்.

"அடியில எரிமலை இருக்கு. அந்த நெருப்புச் சூடு ஏறுனா நரம்பு முழிச்சிக்கும்" என்பார் அவர்.

நான் புவியியல் டீச்சர். தப்பைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என் வாய்க்குத் தெரியாது.

"எரிமலையும் இல்ல, ஒன்னும் இல்ல" என்று ஆரம்பித்தேன். எத்தனையோ கோடி வருஷத்துக்கு முன்னால் உருகிய பாறைக்குழம்பு மேலே ஏறி வந்தது. வெளியே வர வழியில்லாமல் ஆழத்திலேயே தங்கி, மெல்ல மெல்ல ஆறிக் கருங்கல்லானது. மேலிருந்த மண் கரைந்த பிறகுதான் தலைகாட்டியது. குளத்தோரம் கிடந்த பாறையில் வெள்ளையும் கறுப்புமாய்ப் பெரிய மணிகள் தெரிந்தன. வெளியே கொட்டிச் சட்டென்று ஆறியிருந்தால் மணிகள் கண்ணுக்கே தெரியாது. இந்தத் தண்ணீர் வெறும் மழைநீர். வெடிப்பு வழியாக ஆழத்துக்குப் போய், அங்குள்ள சூட்டை வாங்கித் திரும்புகிறது.

அவர் பாறையைத் தடவினார். "அப்ப நெருப்பு எப்பவோ அணைஞ்சுபோச்சு."

"ஆமா."

"மெதுவா ஆறுனதாலதான் இவ்ளோ அழகா?"

"ஆமாங்க. லட்சக்கணக்கான வருஷம்."

"எனக்கு அவ்ளோ டைம் இல்ல லா, டீச்சர்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை வரமாட்டேன் என்றார். "மழைத் தண்ணிதானே. வீட்டு பைப்புலயும் அதான் வருது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பாறைக் கதையைத்தான் சொன்னேன், கால் வராது என்று நானா சொன்னேன்? "பேசாம கார்ல ஏறுங்க" என்றேன்.

குளத்தோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார், நான் ஏதோ வில்லி மாதிரி. முழங்கையை விட்டுப் பார்த்தேன், இதமான சூடுதான். ஊற்றினேன்.

"மெல்ல ஊத்து. சுடுது" என்று அதட்டினார், திரும்பாமலே.

"எந்தக் காலு?"

"இதென்ன கேள்வி? நீ ஊத்துற காலுதான்."

குவளை இடது பாதத்துக்கு மேலே இருந்தது. ஊற்றுவதை நிறுத்தினேன். தண்ணீர் நின்றதும் அவர் திரும்பிப் பார்த்தார். குவளையைப் பார்த்தார், காலைப் பார்த்தார்.

"ஊத்து" என்றார். "நிறுத்தாத."