கவ்வும் விரல்கள்

ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, ஏரி வற்றும் மாதங்களில் உப்புப் பூத்துக் கிடக்கும் திடலில் நாங்கள் சிலர் மூங்கில் வில் பழகினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பயிற்சியாளர் ரயிலில் வருவார். மற்ற நாட்களில் பெரும்பாலும் நானும் அவளும் மட்டும்தான். அவள் ஏரியில் கையால் இறால் பிடிப்பவள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. கணவனுக்கு முதுகில் அடிபட்டுப் படுத்த பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிவது அவள் கையால்தான்.

இந்த வில்லில் குறி பார்க்க எந்தக் கருவியும் கிடையாது. நாணை இழுத்ததும் நடுவிரல் வாயோரத்தில் ஒரே இடத்தைத் தொட வேண்டும். இடம் மாறினால் அம்பும் மாறும். எனக்கு ஒவ்வொரு முறையும் மாறும். அவளுக்கு மாறாது. பிடித்ததைப் போடும் ஓலைக்கூடையைப் பறி என்பார்கள். அதன் வாயைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிப் பழகிய தாடை அவளுடையது. தோளும் எங்கள் எல்லோரையும்விட நேராக நின்றது. ஆனாலும் அவள் அம்பு இடது பக்கமே விலகிப் போனது.

ஒரு மாலை கைப்பேசியில் படம் எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். நாண் கிளம்பும் கணத்தில் அவள் விரல்கள் தளரவில்லை. வெடுக்கென்று உள்ளே மடங்கின. போகிற போக்கில் நாணைப் பக்கவாட்டில் இழுத்துவிட்டன.

"கவ்வுது பாரு," என்று சிரித்தாள். "கயிறு நழுவுதுன்னதும் றாலுன்னு நெனச்சிக்கிது."

சேற்றுக்குள் இறாலின் மீசை விரலில் உரசும். யோசிப்பதற்கு முன் விரல்கள் மூடிக்கொள்ள வேண்டும். அதைத்தான் அவர்கள் கவ்வுவது என்கிறார்கள். சிறு வயதிலேயே தண்ணீரில் இறங்கிவிட்ட கைக்கு வேறு எதுவும் தெரியாது.

பயிற்சியாளர் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ விடணும்னு நெனைக்காத. கயிறு தானா போவணும். வெரலு செத்த மாதிரி கெடக்கணும்."

"செத்துப் பூட்டா சோறு எத்தால துன்றது மாஸ்டர்?"

எல்லோரும் சிரித்தோம்.

மாவட்ட அணிக்குத் தேர்வு வரவிருந்தது. அவளுக்கு அதில் இடம் வேண்டும். ஏன் என்று கேட்டேன். "ஒரு வாட்டியாச்சும் காஞ்ச தரைல நின்னு பேரு வாங்கணும்மா," என்றாள்.

வைக்கோல் கட்டுக்கு மிக அருகே நின்று, கண்ணை மூடிக்கொண்டு, அம்பு எங்கே படுகிறது என்று பாராமல் விரலை மட்டும் தளர்த்திப் பழகினாள். வீட்டில் சோறு வேகும் நேரத்தில் ஒரு கயிற்று வளையத்தைக் கையில் மாட்டி அதையே செய்தாள். படுத்திருந்த இடத்திலிருந்து கணவன், "இன்னா, அரிசிக்கு மந்திரம் போடுறியா?" என்று கேட்டதாகச் சொன்னாள்.

சில வாரங்களில் நாணின் ஓசையே மாறியது. அதுவரை இருந்த கரகரப்பு போய்விட்டது. அம்பு பறந்த பிறகு அவள் கை கன்னத்தோடு பின்னால் வழுக்கிக் காதடியில் வந்து நின்றது. விரல்கள் ஈரத்துணி போலத் தொங்கின. அம்புகள் ஒன்றை ஒன்று ஒட்டிக் குத்தின.

அந்த நாட்களில் ஒருமுறை அவளைக் கூப்பிட ஏரிக்கரைக்குப் போனேன். பெண்கள் கரையேறிக்கொண்டிருந்தார்கள். அவள் பறி மட்டும் தட்டையாக இருந்தது.

"இன்னாடி, றாலு வந்து கையத் தொட்டா வணக்கம் சொல்லி அனுப்பிடுறியா?" என்றாள் ஒருத்தி.

"வில்லுக்காரி இல்லியா, கிட்டக்க வந்தா புடிக்க மாட்டா. தூரத்துல நின்னாத்தான் அடிப்பா," என்றாள் இன்னொருத்தி.

அவளும் சிரித்தாள். திடலுக்கு நடக்கும்போதுதான் சொன்னாள்.

"ஒரசுது. தெரியுது. ஆனா மூட மாட்டேங்குது. ஒரு மூச்சு நின்னு அப்புறம் மூடுது. அதுக்குள்ள அது பூடுது."

ஒரு பழக்கம் இன்னொன்றை அழிக்குமா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பருவத்தில் ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் மணலால் தூர்ந்து, எல்லோருக்குமே இறால் குறைவாகத்தான் கிடைத்தது. ஆனால் மற்றவர்களின் பறி இளைத்திருந்தது. அவளுடையது காலியாக இருந்தது.

பயிற்சியாளர் தன் தொழிலுக்கு உரிய பதிலைச் சொன்னார். "தேர்வு முடியிற வரைக்கும் தண்ணில எறங்காத."

"எறங்கலன்னா வீட்ல இன்னாத்த வேவ வைக்கிறது மாஸ்டர்?"

அவர் கைப்பேசியை எடுத்து ரயில் நேரம் பார்த்தார்.

தேர்வுக்கு முந்தைய ஞாயிறன்று அவள் எய்த அம்புகள் அத்தனையும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் நின்றன. பயிற்சியாளர் கை தட்டினார். இடம் உறுதி என்றார். அவள் அம்புகளைப் பிடுங்கப் போகவில்லை. வலது கையை இடது கையில் ஏந்தி, விரல்களை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கிப் பார்த்தாள்.

"சுத்தமா பூடுச்சு இல்ல?" என்றாள்.

"எது?"

"கவ்வல்."

ஆமாம் என்றேன். அதுதான் உண்மை. அவள் வில்லின் நாணை இறக்கி, துணியில் சுற்றி, என்னிடம் தந்தாள். "நாளைலேந்து வர மாட்டேம்மா."

தேர்வுக்கு நான் போனேன். என்னை எடுக்கவில்லை. அவள் பெயரை ஒருமுறை கூப்பிட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்கள்.

மழைக்குப் பிறகு ஏரி நிறைந்தது. ஒருநாள் கரையில் நின்று பார்த்தேன். பெண்கள் வரிசையாக, தண்ணீரில் கழுத்து மூழ்கக் குந்தி, முகம் மட்டும் தெரிய நகர்ந்தார்கள். கை வேகம் உள்ளவர்கள் முன்னால் போவது வழக்கம். அவளும் முன்பு அங்கேதான் இருந்தாள்.

"இப்ப மூடுதா?" என்று கரையேறியதும் கேட்டேன்.

"பெரிசு வந்தா மூடுது. சின்னது பூடுது," என்றாள். ஏரியில் பெரும்பாலும் சின்னதுதான் இருக்கிறது. முன்னால் போகிறவர்கள் துழாவிவிட்ட சேற்றில் அவள் இப்போது கடைசியாக வருகிறாள்.