யூதாஸின் துண்டு

என் தங்கைக்கு நான் நேர்காணல் பயிற்சி கொடுத்தது எங்கள் வீட்டுச் சமையலறையில். அவளுக்குப் பஞ்சாலையில் விடுப்பு கிடைக்கிற நாளும் குழாயில் தண்ணீர் வருகிற நாளும் ஒன்றாகவே அமைந்தன. குடம் நிறைய நிறைய அவள் மாற்றி வைப்பாள். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து அதிகாரிக் குரலில் கேள்வி கேட்பேன்.

நான் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆசிரியர் வேலைக்கு வருகிறவர்களை வரிசையாக உட்காரவைத்து உள்ளே அனுப்புவது என் பொறுப்பு. கதவு சாத்தியிருந்தாலும் உள்ளே பேசுவது என் மேசைக்குக் கேட்கும். என்ன கேட்பார்கள், எப்படிப்பட்ட பதிலைக் கேட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

மதுரையில் ஒரு நாடகக் குழு, உடைப் பொறுப்பாளர் தேவை என்று அறிவித்திருந்தது. மாதச் சம்பளம். செல்போனில் வீடியோ வழியாக நேர்காணல். தங்கையின் மில்லில் வயது கூடியவர்களை ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். பஞ்சுத் தூசியில் அவளுக்கு இருமலும் விடவில்லை. இந்த வேலை கிடைத்தால் அவளே மில்லை விட்டுவிடலாம். கிடைக்காவிட்டால் மில் அவளை விடும் வரை இருமிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அனுபவத்துக்குக் குறைவில்லை. சாணார்பட்டிப் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில் தவக்காலத்தின் கடைசி வாரம் பாஸ்கா நாடகம் நடக்கும். ஆண்டவர் இயேசுவின் பாடுகளை ஊர்க்காரர்களே நடிப்பார்கள். இருபது வருடங்களுக்கு மேலாக அத்தனை பேருக்கும் உடை இவள் கைவேலை. அளவெடுப்பது, தைப்பது, மேடைக்குப் பின்னால் நின்று மாற்றிவிடுவது, முடிந்தபின் துவைத்து மடிப்பது எல்லாம்.

"உங்கள் வேலையில் ஏதாவது தவறிப்போய், அதை நீங்கள் சமாளித்த சம்பவம் ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டேன். எல்லா நேர்காணலிலும் வரும் கேள்வி இது.

"ஒண்ணும் ஆகலக்கா."

"அக்கான்னு சொல்லாத. நான் இப்ப உனக்கு ஆபீசர்."

"ஒண்ணும் ஆகலங்க, ஆபீசரம்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இத்தனை வருசத்துல ஒண்ணுமே ஆகலையாடி?"

"ஆகும். ஆனா ஆகலன்னுதான் சொல்லணும். கிரீடத்து முள்ளு குத்தி ரத்தம் வந்தாலும், ஒண்ணும் ஆகல போங்கன்னு முதுகத் தட்டி மேடைக்கு அனுப்பணும். இல்லன்னா நடிக்கிறவுக பதறிருவாக. சொல்லிச் சொல்லி வாயில அதுதான் வருது."

அடுத்த கேள்விக்கு அவள் சொன்ன பதில் "நாங்க எல்லாரும் சேந்து செஞ்சோம்." யாரெல்லாம் என்றேன். யோசித்துவிட்டு, "நான்தான்" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் குடம் வழிந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

"துண்டு கதையச் சொல்லு" என்றேன்.

"அதச் சொன்னா அந்த அண்ணன் மானம் போயிரும்."

அந்த அண்ணன் என்பவர் எங்கள் ஊர்ப் பாஸ்கா நாடகக் குழுவின் செயலாளர். பல வருடங்களாக இயேசுவாக நடிப்பவரும் அவரே. தவக்காலம் முழுவதும் ஒரு வேளைச் சாப்பாடு மட்டும் என்று விரதமிருப்பது எங்கள் ஊரில் இயேசு வேடத்துக்கு உள்ள வழக்கம். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று தங்கை அளவெடுப்பாள். பாஸ்காவுக்குள் இளைத்துவிடுவார் என்பதால், எடுத்த அளவிலிருந்து குறைத்தே அங்கி தைப்பாள். போன முறை அவர் இளைக்கவில்லை. ஊரார் முன்னால் விரதமிருந்துவிட்டுச் சாயங்காலமானால் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய் பரோட்டா சாப்பிட்டிருக்கிறார். உடை மாற்றும் இடத்தில் அவர் கழற்றி மாட்டிய சட்டையில் சால்னாக் கறையைப் பார்த்தபோதுதான் தங்கைக்கு விஷயம் விளங்கியது. அப்போது அங்கியைப் பிரித்துத் தைக்க நேரமில்லை.

சீடர்களின் கால் கழுவக் குனிந்தார். அங்கி முதுகுப் பக்கமாக அக்குளிலிருந்து இடுப்பு வரை கிழிந்தது. கடைசி விருந்தான ராப்போசனக் காட்சியை எப்படியோ சுவர்ப் பக்கம் முதுகைக் காட்டி ஒப்பேற்றிவிட்டு வந்தார். அடுத்தது கெத்சமனித் தோட்டம். அங்கே ஜனங்களுக்கு முதுகைக் காட்டி மண்டியிட வேண்டும். காட்டிக்கொடுக்கப் போன யூதாஸ் திரைக்குப் பின்னால் நின்றிருந்தான். தங்கை அவன் தோளில் கிடந்த மஞ்சள் துண்டை உருவி, ஆண்டவரின் முதுகில் போர்த்தி, நாலு இடத்தில் ஊக்குக் குத்தி, "ஒண்ணும் ஆகல, போங்க" என்று அனுப்பிவிட்டாள்.

யூதாஸின் துண்டோடு ஆண்டவர் ஜெபம் செய்ததைப் பார்த்து முன்வரிசையில் அழுதார்கள். துரோகியின் பாவத்தைக் கர்த்தர் தன் முதுகில் சுமந்தார் என்று ஞாயிறு பிரசங்கத்தில் சாமியார் சொன்னார். இந்த யோசனையைத் தந்த நம் செயலாளருக்குப் பாராட்டு என்றும் சொன்னார். செயலாளர் எழுந்து கும்பிட்டார். நான் அன்று அதே பூசையில் இருந்தேன்.

அனுபவச் சான்று இருந்தால் இணைக்கவும் என்று அறிவிப்பில் இருந்தது. அதைக் கேட்கச் செயலாளரிடம் தங்கை போனபோது அந்த மனிதர் சொன்ன பதில் இது: "சேவைக்கு எதுக்குத் தங்கச்சி லெட்டர்? ஆண்டவருக்குத் தெரியும்ல."

தங்கை சிரித்துக்கொண்டே திரும்பி வந்து இதை என்னிடம் சொன்னாள். அவள் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஆண்டவர் வேசம் போட்டவருக்கு நல்லாவே தெரியும். பரோட்டாவச் சொல்லிட்டு வர வேண்டியதுதான?"

"விடுக்கா. உடை மாத்துற எடத்துல பாத்தத வெளிய சொன்னா, பெறகு எவன் எங்கிட்ட வந்து சட்டையக் கழட்டுவான்?"

எனக்குக் கோபம் அடங்கவில்லை. அந்தக் கோபத்தோடு மறுபடியும் பயிற்சி. ஆளைச் சொல்லாமல் சம்பவத்தைச் சொல் என்றேன். "நாங்க" வரும்போதெல்லாம் மேசையைத் தட்டினேன். கடைசியில், நீங்கள் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா என்பார்கள், அடுத்த நாடகம் எது என்று பணிவாகக் கேள் என்றும் சொல்லிவைத்தேன்.

நேர்காணலன்று செல்போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து அவள் உட்கார்ந்தாள். நான் படத்தில் தெரியாதபடி அடுப்பு ஓரம் நின்றேன். ஒரு பெண்ணும் ஓர் ஆணும் கேட்டார்கள். தவறிப்போன சம்பவம் வந்தது. துண்டு கதையைச் சொன்னாள். அவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

"அவர் ஏன் இளைக்கலை?" என்று அந்த ஆள் கேட்டார்.

"அத நான் கேக்கலங்க. தைக்கிறவ அளவத்தான் கேக்கலாம்."

வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். அப்போதுதான் அந்தப் பெண் தேன் தடவிய குரலில் சொன்னார்: "இவ்வளவு அர்ப்பணிப்பா செஞ்சிருக்கீங்க. முதல் நாடகத்துக்குத் தன்னார்வலரா வாங்களேன். சம்பளம் அப்புறம் பாத்துக்கலாம். உங்களுக்குப் பழக்கம்தானே?"

என் கையில் கரண்டி இருந்தது. அதைச் சத்தமில்லாமல் கீழே வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தங்கை தலையை ஆட்டிவிடுவாள் என்று பயந்தேன். வாழ்நாள் முழுக்க ஆட்டிய தலை.

"நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்றார்கள்.

"லைட் போடுறவருக்குச் சம்பளம் உண்டுங்களா?"

"உண்டு."

"செட்டு போடுறவருக்கு?"

"உண்டு."

"அப்ப துணிக்கு மட்டும் ஏங்க சேவை?"

நான் சொல்லிக்கொடுத்த கேள்வி அல்ல அது. அந்தப் பெண் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். பிறகு அந்த ஆள், "சரிதாம்மா. ஆனா சம்பளம்னா ஆபீசுக்கு ஒரு பேப்பர் காட்டணும். நீங்க செஞ்ச வேலைக்கு யாராவது எழுதிக் கொடுப்பாங்களா?" என்றார்.

"வாங்கித் தாரேன்" என்றாள்.

அந்த வாரமே செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வருடா வருடம் வருவதுபோல ஸ்கூட்டரில் அங்கி மூட்டையோடு. பரணில் கிடந்து நாறுகிற உடைகளைத் தவக்காலத்துக்கு முன் அவள் துவைத்துத் தர வேண்டும்.

"தங்கச்சி, மூட்டைய உள்ள வைக்கவா?"

"லெட்டர் கொண்டாந்தீங்களாண்ணே?"

"அட, இன்னும் அதையே புடிச்சிக்கிட்டு இருக்கியா? கமிட்டியில கேக்கணும்ல."

"கேட்டுட்டு வாங்க. மூட்டையையும் அப்பவே கொண்டாங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் பஸ் ஸ்டாண்ட் பரோட்டாவில் ஆரம்பிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். தங்கை என் காலை மிதித்தாள். அவர் மூட்டையோடு திரும்பிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கடிதத்தோடும் மூட்டையோடும் வந்தார். கோயில் முத்திரையிட்ட தாளில், நாடகத்தின் உடைப் பொறுப்பு முழுவதையும் இவர் ஒருவரே கவனித்து வருகிறார் என்று எழுதியிருந்தது. இரண்டு முறை படித்தேன். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன், கிடைக்கவில்லை. அங்கேயே படமெடுத்து மதுரைக்கு அனுப்பினேன். பாஸ்கா முடிந்து வேலையில் சேரும்படி மறுவாரம் பதில் வந்தது, சம்பளத்தோடு.

அன்று கடிதத்தைக் கொடுத்துவிட்டு அவர் கிளம்பும்போது தங்கை அளவு நாடாவை எடுத்தாள். "செத்த நில்லுங்கண்ணே. இந்த வருசம் நான் மதுரைக்குப் போனாலும் போயிருவேன், இப்பவே எடுத்துக்கிறேன்" என்று இடுப்பைச் சுற்றி அளந்தாள். "எம்புட்டு குறைச்சுத் தைக்கட்டும்?"

அவர் வாசல்படியைப் பார்த்துக்கொண்டே, "குறைக்காமயே தையி" என்றார்.

தங்கை தலையசைத்துக் குறித்துக்கொண்டாள். அவ்வளவுதான். அவளுக்கு அது போதுமாக இருந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை. துண்டுக்காகச் செயலாளரைப் பாராட்டிய அந்த ஞாயிறு பிரசங்கத்தை யார் திருத்திச் சொல்வார்கள்?