செவலையைக் கூப்பிட்டவர்கள்

எங்கள் வீட்டில் நாய்க்குக் கோழி, எனக்குச் சாம்பார். இதைக் குறையாகச் சொல்லவில்லை, நிலவரம் இதுதான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, பருத்திப்பட்டு ஏரிக்கு அருகில் ஃப்ளாட் வாங்கிக் குடியேறிய புதிதில் என் மனைவி ஒரு விலங்கு நலக் குழுவில் சேர்ந்தாள். கொஞ்ச நாளில் வீடே சேர்ந்துவிட்டது. மகள் குட்டிகளைத் தத்துக் கொடுப்பதற்கு ஃபோனில் போஸ்டர் செய்வாள். மனைவி கோழிக் கழுத்து வாங்கி, மஞ்சள் போட்டு, ரேஷன் அரிசியோடு குக்கரில் வேகவைப்பாள். நான் கார் ஓட்டுவேன். வாரம் முழுக்க அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கால் ஒடிந்த நாயைப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவது என் பங்கு. நாய்கள் மேல் எனக்குப் பெரிய பாசம் கிடையாது. வண்டிக்குள் அடிக்கும் வாடை மேல் சுத்தமாகக் கிடையாது.

எங்கள் கேட்டுக்கு வெளியே, டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் ஒரு பெண் நாய் இருந்தது. செவலை நிறம், அதனால் செவலை. மனைவியைத் தவிர யாரையும் கிட்டே சேர்க்காது. இவள் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும் உடம்பை வளைத்து வளைத்து ஓடி வரும். தட்டைப் பார்க்காது, இவள் முகத்தைப் பார்க்கும். இவளும் குனிந்து என்னமோ கதை பேசுவாள். இத்தனை வருஷத்தில் என்னிடம் அவ்வளவு பேசியதில்லை என்று நான் கேலி செய்வேன். நீங்க வாலாட்டினா பேசுறேன் என்பாள்.

செவலை குட்டி போடும். குட்டிகள் நடக்கத் தொடங்கியதும் ரோட்டுக்கு வரும். அது தண்ணி லாரி ஓடும் ரோடு. முதல் ஈத்தின்போது மகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அடுத்த ஈத்துக்கு அழுதாள், ஆனால் சாப்பிட்டாள். மூன்றாவது தடவை நான் கீழே போய்ப் பார்த்துவிட்டு மேலே வந்தபோது, சின்னப் பை வேண்டுமா பெரிய பை வேண்டுமா என்று கேட்டாள். பெரிசு என்றேன். ஏரிக்கரையில் குழி தோண்டியபோது வெயில் அடித்தது நினைவிருக்கிறது, மண் இறுகிக் கிடந்தது நினைவிருக்கிறது. வருத்தப்பட்டேனா என்று கேட்டால் தெரியவில்லை. செவலை மடியில் பால் கட்டிக்கொண்டு டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிச் சுற்றி வந்தது. மனைவி பால்கனியிலிருந்து அதைப் பார்த்துவிட்டு, பால் வற்றியதும் ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்றாள்.

சொல்வது சுலபம். கருத்தடை வண்டி தெருமுனையில் திரும்பும்போதே செவலை ஏரிக்கரைக்குப் பறந்துவிடும். வலையோடு வந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோடு திரும்பினார்கள். கடைசியில் அவர்களில் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"எங்கள பாத்தாலே ஓடிப் பூடுது சார். அக்காவ இட்டாந்துடுங்க. அவங்க கூப்ட்டா வந்துரும், நாங்க பின்னால இருந்து வலைய போட்டுக்குறோம்."

அதை நான் வந்து சொன்னபோது மனைவி பால்கனிக்குப் போய்க் கீழே பார்த்தாள். பிறகு சரி என்றாள். செய்ய வேண்டிய காரியம்தான், அதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

மறுநாள் காலை நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு தட்டோடு இறங்கினாள். கூப்பிட்டாள். வந்தது. தட்டில் அது வாயை வைத்ததும், அவர்கள் சொல்லியிருந்தபடி முதுகில் கை வைத்து அமுக்கிக்கொண்டாள். வலை விழுந்தது. செவலை குரைக்கவில்லை. உருண்டது, மூத்திரம் போனது, அப்புறம் அசையாமல் கிடந்து இவளையே பார்த்தது. வண்டிக் கதவைச் சாத்தும்வரை பார்த்தது. மனைவி மேலே வந்து வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஆபீசுக்கு நேரமாகிறது என்றாள்.

சில நாள் கழித்து அதே வண்டி செவலையை அதே இடத்தில் இறக்கிவிட்டது. ஆபரேஷன் ஆனதற்கு அடையாளமாக இடது காது நுனியை வெட்டியிருந்தார்கள். மனைவி தட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். செவலை அவளைக் கண்டதும் நின்றிருந்த ஒரு லாரிக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. அன்று சாயங்காலமும் அப்படித்தான், மறுநாளும் அப்படித்தான். பட்டினி கிடக்கிறதே என்று மூன்றாம் நாள் நான் தட்டைக் கொண்டுபோனேன். வந்து சாப்பிட்டது.

அதற்குப் பிறகு இவள் சமைப்பாள், நான் கொண்டுபோவேன். இவள் பால்கனியில் காயப்போட்ட துணிக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். முகம் தெரிந்தால் செவலை பாதியில் விட்டுவிட்டு ஓடிவிடும். என்னிடம் நாளாக நாளாக ஒட்டிக்கொண்டது. ஆபீசிலிருந்து வந்தால் காருக்குப் பின்னாலேயே ஓடி வரும். நாய் கட்சி மாறிவிட்டது என்று மகள் சொன்னாள். மனைவி சிரித்துவைத்தாள். அடுத்தவன் வீட்டுக்கு வந்த சீர்வரிசையை நான் வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. ஆனால் அதையும் சும்மா நினைத்தேனே தவிர மனதில் எதுவும் அசையவில்லை. அந்த வருஷம் முழுக்க எங்கள் வீடு மரத்துப்போய்த்தான் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாய்களைத் தூக்கினோம், இறக்கினோம், வீட்டுக்கு வந்து குளித்தோம்.

ஒரு வருஷம் ஆகப்போகும் சமயத்தில், எங்கேயோ ஒரு குழந்தையை நாய் கடிக்கும் வீடியோ எங்கள் குடியிருப்பு வாட்ஸப்பில் வந்தது. சங்கச் செயலாளர் ஆவடியில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கெட்ட மனிதர் இல்லை. வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்ட நாய் என்றால் இருக்கட்டும், இல்லையென்றால் புகார் கொடுத்து அப்புறப்படுத்தச் சொல்வோம் என்று கூட்டத்தில் சொன்னார். ஆபரேஷனின்போது போட்ட ஊசிக்குக் கெடு முடியப்போகிறது. மறுபடியும் செவலையைப் பிடித்தாக வேண்டும். இப்போது அது வருவது என்னிடம் மட்டும்தான்.

அன்று கோழிக் கழுத்தை அலசிக்கொண்டிருந்தவளிடம், நானே பிடித்துவிடுகிறேன் என்றேன். என்னிடமும் வராமல் போனால் அப்புறம் அதற்கு யார் என்று அவள் கேட்கவில்லை. ஆனால் நாங்கள் இருவருமே அதைத்தான் நினைத்தோம். குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள்.

"ஏற்கெனவே என் மேலதான அவளுக்குக் கோவம். அது என்கிட்டயே இருக்கட்டும். நீங்க கூப்பிட்டு வச்சுட்டு உள்ள வந்துருங்க. வலைய நான் போடுறேன். உங்களையாவது நம்பட்டும்."

குழுவிலிருந்து வலை வாங்கி வந்தாள். ஹாலில் ஒத்திகை நடந்தது. மகள் நாயாகக் குனிந்து காலித் தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க, இவள் சோபாவுக்குப் பின்னாலிருந்து வலையை வீச, அது டீப்பாய் மேல் இருந்த என் காப்பியைக் கவிழ்த்தது. மூன்று பேரும் சிரித்தோம். எங்கள் சிரிப்பே எங்களுக்குப் புதிதாக இருந்தது.

ஊசி போடுகிறவர் வந்த அன்று நான் கூப்பிட்டேன், செவலை வந்தது. தட்டை வைத்துவிட்டுக் கேட்டுக்குள் வந்து வாட்ச்மேன் அறைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். என் முகமும் தெரியக் கூடாது, குரலும் கேட்கக் கூடாது என்பது அவள் உத்தரவு. வலை விழும் சத்தம் கேட்டது. செவலை அலறியது. கூடவே, "அவ்வளவுதான் தங்கம், அவ்வளவுதான்" என்று இவள் குரல். பிறகு நாய் ஓடும் சத்தம்.

போய்ப் பார்த்தேன். துண்டை வலது கையில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தாள். துண்டு சிவந்துகொண்டிருந்தது. இதுவரை யாரையும் கடிக்காத நாய், வலையோடு சேர்த்து அவள் கையைப் பிடித்துவிட்டது. செவலைக்கு ஊசி போட்டாச்சு என்றாள். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், கடித்தது தெரிந்தால் கொண்டுபோய்விடுவார்கள் என்றாள். எதிரே வந்த செயலாளரிடம், கேட் இடுக்கில் கை மாட்டிக்கொண்டதாக அவளே சொன்னாள். ஆவடியில் டாக்டரிடம் மட்டும் உண்மையைச் சொல்லித் தையலும் ஊசியும் போட்டுக்கொண்டு வந்தோம்.

சாயங்காலம் இடது கையால் சோற்றைப் பிசைந்து தட்டை என்னிடம் நீட்டினாள். அன்று அவள் பால்கனிக்குப் போகவில்லை. நான் மட்டும் போய் வைத்துவிட்டு, காலித் தட்டோடு வந்தேன். வந்தாளா என்று சமையலறையிலிருந்து கேட்டாள். வந்தாள் என்றேன்.

"கிட்டக்க வந்தாளா, தள்ளி நின்னாளா?"

கிட்டே வந்ததைச் சொன்னேன். எப்போதும் போலத்தான் இருந்தது என்றும் சொன்னேன்.

"அப்ப சரி" என்று அடுப்பை அணைத்தாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வருஷம் முழுக்க அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.