அண்ணியின் இடது தோள்

அண்ணியை உட்கார வைத்து வரைந்த ஆயில் பெயின்டிங்கை ஃப்ரேம் போடக் கொடுக்க இன்று சின்ன காஞ்சிபுரம் போயிருந்தேன்.

இந்த ஊரில் யாரிடம் படத்தைக் காட்டினாலும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். சேலையைத்தான் பார்ப்பார்கள்.

கடையில் காத்திருந்த நெசவாளர் ஒருவரும் அதையே செய்தார். பார்டரில் குறை சொல்லப் போகிறார் என்று எரிச்சலோடு நின்றேன்.

“முந்தானை மடிப்பு கழுத்துப் பக்கமா ஏறி நிக்குதுபா. இந்தம்மா தோள தூக்கிக்கினே உக்காந்தாங்களா? எங்க வூட்ல தோள் வலி வந்தா தறியில இப்படித்தான் உக்காருவாங்க.”

அங்கிருந்தே அண்ணிக்கு போன் போட்டேன்.

“ஆமாபா, ரெண்டு மாசமா வலிக்குது. சொன்னா நீ பாதியில நிறுத்திடுவியேன்னுதான் சொல்லல.”

அந்த இரண்டு மாதமும் தினம் அந்தத் தோளைப் பார்த்துத்தான் வரைந்தேன். சரியாகவும் வரைந்திருக்கிறேன். வலி மட்டும் என் கண்ணில் படவில்லை.

அந்த நெசவாளருக்கு நன்றி. அண்ணிக்கு அதைவிடப் பெரிய நன்றி. நாளைக் காலை அவரை டாக்டரிடம் அழைத்துப் போகிறேன்.

அடுத்த படத்துக்கு உட்கார வருகிறவர்கள், எங்கே வலிக்கிறது என்பதைக் கமெண்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.