பண்டகசாலையின் பின்னறை

2022ஆம் ஆண்டு, இடவப்பாதி எனும் பருவமழை தொடங்கிய வாரத்தில்தான் அம்ருதா ஹஸீபாவை முதன்முதலில் கண்டாள். கொச்சி மட்டாஞ்சேரியில், விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றித்தரும் சேவை மையத்தில் அம்ருதாவுக்கு வேலை. தலையில் இட்டிருந்த நனைந்த தட்டத்தின் நுனியைப் பிழிந்துகொண்டே வந்த ஹஸீபா, தமது விதவை ஓய்வூதியம் ஏன் நின்றுபோயிற்று என்று கேட்டார். வீடு இரண்டாயிரம் சதுர அடிக்கு மேல் இருப்பதால் வசதி படைத்தவர் என்றது திரை.

"அவ்வளவு பெரிய வீடா இத்தா?"

"வீடா? சுக்குப் பண்டகசாலைக்குப் பின்னால ஒரு முறி, மோளே. கட்டில் போட்டா கதவு திறக்காது."

கணவர் அங்கே காவல்காரராக இருந்தவர். அவர் இறந்தபின் பகலில் சுக்கைத் தரம் பிரிப்பதும் இரவில் காவல் இருப்பதும் ஹஸீபாவின் பாடாயின. அந்தத் தெருக் காவல்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அறிமுகமற்றவர் எவர் கேட்டாலும், முதலாளி ஊரில் இல்லை என்று சொல்லலாகாது. எல்லாம் நம்முடையது என்றே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பூட்டு உடையும். ஓய்வூதியச் சரிபார்ப்புக்கு அளவுநாடாவோடு வந்த அதிகாரியிடமும் ஹஸீபா அதையே சொல்லிவிட்டார். கட்டடம் முழுவதற்கும் ஒரே கதவு எண். அதிகாரி முன்வாசல் முதல் பின்சுவர் வரை அளந்து, முழுவதையும் ஹஸீபாவின் வீடு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஹஸீபா ஓர் அறையில்தான் வசிக்கிறார் என்று கட்டடத்தின் உரிமையாளர் சுதர்ஷன் சேட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்ருதா காக்கநாட்டிலுள்ள அவரது அடுக்ககத்துக்கே போய்க் கேட்டாள். அப்படிச் சொன்னால் ஹஸீபாவுக்குக் குடியிருப்பு உரிமை வந்துவிடும், நாளை கட்டடத்தை விற்க முடியாது என்று அவர் கதவைச் சாத்தினார். கோடிகள் கொடுத்து அவர் வாங்கிய அந்த அடுக்கக வீடு, பரப்பில் சட்டம் சொன்ன எல்லைக்குள் அடங்கியிருந்தது. அடுத்த ஆண்டு, பெரிய வீட்டுக்கான ஆடம்பர வரியும் ஹஸீபாவைத் தேடி வந்தது.

"சேட்டோட கோடி ரூபாய் வீட்டுக்கு வரி இல்ல. என் கட்டிலுக்கு உண்டு," என்றார் ஹஸீபா. இராமநாதபுரத்திலிருந்த தங்கை நிஸாவோ, கொச்சிக்காரர்களுக்கு என்ன குறை என்று தொலைபேசியில் கேட்டு, அவரிடமே கைம்மாற்று வாங்கப் பார்த்தாள்.

மனுக்கள் போயின, மேசைகள் மாறின, எந்த மேசையிலிருந்தும் எவரும் எழுந்து வந்து அந்த அறையைப் பார்க்கவில்லை. யாரையும் விசாரிக்காமல் எல்லாருக்கும் மாதந்தோறும் அரசே ஒரு தொகை கொடுக்கலாம் என்று எங்கெங்கோ பேசிக்கொள்வதை அம்ருதா ஒருநாள் சொன்னாள். ஹஸீபா சாயாவை ஆற்றிக்கொண்டே யோசித்தார்.

"சேட்டுக்குமா?"

"அவருக்கும்தான் இத்தா."

"வாங்கிக்கட்டும். அளக்க ஆள் வராதில்ல?"

சென்ற ஆண்டு சுக்குத் தூசி நெஞ்சில் இறங்கி அவரை மருத்துவமனையில் கிடத்தியது. பார்க்கப் போன அம்ருதா, மேல்முறையீட்டைப் பற்றி ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கினாள். ஹஸீபா கையமர்த்தினார்.

"நாளைக்கு ஒரு டேப் எடுத்துட்டு பண்டகசாலைக்குப் போ மோளே. அந்த முறிய மட்டும் அளந்து, அன்னைக்கு அளக்க வந்த சாருக்குக் காட்டணும்."