சட்டைப்பையில் இருந்த சாவி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு புரட்டாசி மாத இரண்டாம் சனிக்கிழமை காலையில் இது நடந்தது. இடம், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலை. எல்லோரும் அறிந்த பெரிய திருவண்ணாமலை அல்ல. ஊரை ஒட்டி ஒரு சின்னக் குன்றின் மேல் பெருமாள் நிற்கிற எங்கள் பக்கத்துத் திருவண்ணாமலை.

அப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேரச் செய்தியாளராக இருந்தேன். எதைப் பார்த்தாலும் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துவிடுவேன். அதனாலேயே என் நண்பர் என்னை அழைத்துக்கொண்டு போனார். அவர் மில் இயந்திரங்களுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை வைத்திருந்தார். வேறு ஆடம்பரம் எதுவும் இல்லாத மனிதர். ஒரே ஒரு பைத்தியம், அவருடைய ஸ்போர்ட்ஸ் கார்.

அது வெளிநாட்டு வண்டி, அறுபதுகளில் வந்தது. இரண்டே கதவு, தாழ்ந்த மூக்கு, பின்னால் பேருக்கு ஒரு சிறிய இருக்கை. ஒரு பெரிய வீட்டில் ஓட்ட ஆளில்லாமல் கிடந்ததைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, கிடைக்காத பாகங்களைத் தன் லேத்திலேயே கடைந்து போட்டு ஆறேழு வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தார். அதே கம்பெனியின் அதே பெயர் கொண்ட வண்டி, பதினைந்து வருடம் பிந்திய மாடல், ஸ்ரீவில்லிபுத்தூரில் விலைக்கு வந்திருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பியவர் கப்பலில் கொண்டுவந்தது.

“மாப்ள, எனக்குப் பழசு மேல ஆசை. கண்ணு மறைக்கும். நீதான் ரெண்டையும் ஒப்பிட்டு எழுதணும். நீ சொல்றதுதான் முடிவு” என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை. அவருடைய பல வருடச் சேமிப்பு அது. எனக்குக் கார் ஓட்டக்கூடத் தெரியாது. பதற்றத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து எழுதுவது. எனவே ஒன்றுவிடாமல் எழுதினேன்.

பழைய வண்டியில்தான் போனோம். நண்பர் ஓட்ட, நான் பக்கத்தில். பின்னால் அவர் மனைவியும் நான்கு வயது மகளும். ஹேண்ட் பிரேக் ஸ்டீரிங்குக்குக் கீழே வலப்பக்கம், குடைப்பிடி மாதிரி தொங்கும். அதைப் பிடித்து இழுக்க வேண்டும். சாவித் துளை டாஷ்போர்டில். சாவி தேய்ந்து போயிருந்ததால் குலுங்கும்போது தானாகவே கழன்று விழும். எஞ்சின் சத்தத்தில் பேச்சு கேட்காது.

“அந்தச் சத்தத்துக்குத்தான் மாப்ள காசு. பழசு எதையும் ஒளிக்காது. எங்க வலிக்குன்னு கத்திச் சொல்லிரும்” என்றார் நண்பர்.

“நானும் பதினோரு வருசமாச் சொல்லுதேன். அது கத்துனா மட்டும் இவியளுக்குக் கேக்கும்ணே” என்றார் பின்னாலிருந்து அவர் மனைவி.

வழியில் சாலை ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. மேட்டின் உச்சியில் நண்பர் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு எஞ்சினை அணைத்தார். பெட்ரோல் மிச்சம். எங்கள் பக்கத்தில் கார், லாரி ஓட்டிய முக்கால்வாசிப் பேர் அன்று செய்ததுதான். அவர் இன்னொன்றும் செய்தார். அணைத்த கையோடு சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கீழே விழுந்தால் மிதியடிகளுக்கு நடுவே தேட வேண்டுமே என்று பழகிய பழக்கம். சரிவு முடிந்ததும் பையிலிருந்து எடுத்துச் செருகி, கிளட்சை விட்டு எஞ்சினை எழுப்பினார். கை தன்பாட்டில் செய்தது, பேச்சு நிற்கவேயில்லை. நான் குறித்துக்கொண்டேன்: ‘சரிவில் எஞ்சின் நிறுத்தம். சாவி சட்டைப்பையில்.’

ஸ்ரீவில்லிபுத்தூரில் புதிய வண்டி வெள்ளை நிறத்தில் நின்றது. வளைவுகள் போய் எல்லாம் கோடுகளாகியிருந்தன. கதவைச் சாத்தினால் பழையதில் தகரம் அதிரும். இதில் ‘தப்’ என்ற ஒரே சத்தம். நண்பர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். அவர் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அந்த நேரத்தில்தான் விற்பவர் எனக்கு உள்ளே ஒவ்வொன்றாகக் காட்டினார். ஹேண்ட் பிரேக் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில். சாவித் துளை ஸ்டீரிங் தண்டிலேயே.

“சாவிய உருவிட்டா ஸ்டீரிங் தானா பூட்டிக்கிடும் சார். ஒரு பய தள்ளிட்டுப் போக முடியாது” என்றார் பெருமையாக.

நல்ல விஷயமாகப் பட்டது. புதிய வண்டிக்கான பக்கத்தில் எழுதினேன்: ‘சாவியை எடுத்தால் ஸ்டீரிங் பூட்டு. திருட்டுப் பயமில்லை.’ பக்கத்தில் ஒரு டிக் போட்டேன்.

அதற்குள் சிறுமி உள்ளே ஏறி நடுவிலிருந்த பிரேக் பிடியைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்திருந்தாள். “ஏட்டி, அதத் தொடாத, கைய எடு!” என்று அம்மா அவள் கையைத் தட்டிவிட்டார்.

நண்பர் எண்ணெய்க் கறையோடு எழுந்து வந்தார். அவர் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டியையும் பெருமாள் முன்னால் நிறுத்தி, ஒரு கற்பூரம் காட்டிவிட்டுத்தான் முன்பணம் கொடுப்பார்கள். அன்று புரட்டாசி சனிக்கிழமை வேறு. “திருவண்ணாமலைக்குப் போயிட்டு வந்து பேசிருவோம்” என்றார். விற்பவர் சாவியைக் கொடுத்துவிட்டு, எங்கள் பழைய வண்டியைக் காட்டிச் சிரித்தார். “போயிட்டு வாங்க. ஒங்க கிழவன் இங்க எனக்குத் துணைக்கு நிக்கட்டும்.”

ஊரைத் தாண்டியதும் சாலை முழுக்க ஆட்கள். மஞ்சள் வேட்டி, நெற்றி நிறைய நாமம், மொட்டையடித்த குழந்தைகள் தோள்களில். ‘கோவிந்தா’ என்ற குரல் முன்னாலிருந்து பின்னாலும் பின்னாலிருந்து முன்னாலுமாகப் போய்க்கொண்டிருந்தது. நண்பர் மெதுவாகத்தான் ஓட்டினார். பின்னால் அம்மா, நீண்டு வரும் மகளின் கையை நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் பிடியிலிருந்து விலக்கிக்கொண்டே வந்தார். எனக்குக் கூட்டத்தைப் பார்த்துக் கொஞ்சம் பயம். இந்த வண்டி இவ்வளவு அமைதியாக இருக்கிறதே, பின்னால் வருவது இவர்களுக்குக் கேட்குமா என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

ஓரிடத்தில் சாலை கண்மாய்க்கரை மேல் ஏறி மறுபக்கம் இறங்கும். இறக்கம் நீளமில்லை, ஆனால் செங்குத்து. அடியில் சாலை வலப்பக்கம் திரும்பும். திருப்பத்தின் வெளி ஓரத்தில், புளியமரத்தடியில் ஒரு பெண் துளசி மாலைக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று மாலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

கரையின் உச்சியில் நண்பரின் கை தன்பாட்டில் வேலை செய்தது. கியர் விலகியது. எஞ்சின் நின்றது. சாவி சட்டைப்பைக்குள் போனது.

நான் அதைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் எழுதிய வரி அப்போதும் மனதில் வரவில்லை.

வண்டி சத்தமில்லாமல் இறங்கியது. நடப்பவர்களுக்காக நண்பர் இரண்டு மூன்று முறை பிரேக்கை லேசாக அழுத்தினார். ஓரமாக நடந்த ஒருவருக்கு இடம்விட ஸ்டீரிங்கைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி நேராக்கினார். ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. வேகம் கூடியது. திருப்பம் நெருங்கியபோது ஸ்டீரிங்கை வலப்பக்கம் திருப்பினார். அது அசையவில்லை.

முதலில் அவருக்குப் புரியவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். சுவரில் அடித்த ஆணி மாதிரி அது நின்றது. பிரேக்கை மிதித்தார். எஞ்சின் ஓடும்போது பஞ்சு போல இறங்கிய பிரேக், எஞ்சின் நின்றபிறகு கல்லாக இறுகியிருந்தது. இருக்கையிலிருந்து எழுந்து அதன் மேல் நின்றார். வேகம் குறைந்தது, ஆனால் போதவில்லை. அவருடைய வலக்கை ஸ்டீரிங்குக்குக் கீழே எதையோ தேடித் துழாவியது. எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. பழைய வண்டியின் ஹேண்ட் பிரேக்கை. அந்த இடத்தில் ஒன்றுமில்லை.

புதிய வண்டியின் பிடி என் வலது தொடைக்கும் அவர் தொடைக்கும் நடுவே, என் வலக்கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது என்பதை இன்று எழுத முடிகிறது. அன்று என் கை நகரவில்லை. வாயும் திறக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். துளசி விற்ற பெண்ணின் மூக்குத்தியை, மாலையை முகர்ந்து பார்த்த ஒரு பெரியவரை, தோளில் உட்கார்ந்து எங்களைப் பார்த்து முதலில் கையாட்டிய ஒரு குழந்தையை. இத்தனை வருடம் கழித்தும் எல்லாம் நினைவிருக்கிறது. அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறேன்.

பின்னாலிருந்து நண்பரின் மனைவி எங்கள் இருவருக்கும் நடுவே பாய்ந்து வந்தார். மகளிடமிருந்து காலையெல்லாம் காத்துவந்த அந்தப் பிடியை இரண்டு கைகளாலும் பிடித்து, முழு உடம்பையும் பின்னால் சாய்த்து இழுத்தார். பின் சக்கரங்கள் அலறின. வண்டி புழுதியில் இறங்கி, இழுபட்டு, நின்றது. அந்த அலறலில்தான் கூட்டம் சிதறி விலகியது.

முன் பம்பர் துளசிக் கூடையைக் கவிழ்த்திருந்தது. அந்தப் பெண் கூடைக்கு அந்தப் பக்கம், கால்களை மடக்கியபடி அப்படியே இருந்தார். அவருக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

அந்தப் பெண்தான் முதலில் எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு கண்ணாடி அருகில் வந்தார். “ஏலே, நீங்க பெருமாளப் பாக்க வந்தியளா, இல்ல எங்கள அவருகிட்ட அனுப்ப வந்தியளா?” என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அடுத்து நாலு பேர் நண்பரின் சட்டையைப் பிடிக்க வந்தார்கள். பின் இருக்கையில் சிறுமி வீறிட்டு அழுவதைப் பார்த்துத்தான் விட்டார்கள்.

நண்பர் சாவியை எடுத்துச் செருகப் பார்த்தார். துளை அகப்படவில்லை. “ஸ்டீரிங்கு ஒடைஞ்சு போச்சு மாப்ள, எப்படி ஒடைஞ்சதுன்னே தெரியல” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாதுதான். அந்த நேரத்தில்தான் என் மடியில் கிடந்த குறிப்பேட்டைப் பார்த்தேன். இடப்பக்கத்தில் பழைய வண்டி: சாவி சட்டைப்பையில். வலப்பக்கத்தில் புதிய வண்டி: சாவியை எடுத்தால் ஸ்டீரிங் பூட்டு. இரண்டு வரிகளும் எதிரெதிரே இருந்தன. இரண்டாவதற்கு டிக் போட்டிருந்தேன்.

மறைத்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் அந்த வண்டியையும் தன்னையும் மாறி மாறிச் சந்தேகப்படுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. பக்கத்தைத் திறந்து காட்டினேன். ஒருமுறை படித்தார். இன்னொருமுறை படித்தார்.

“எழுதியிருக்க” என்றார். “ஒரு வார்த்தை வாய்ல சொல்லியிருக்கலாம்ல?”

அவர் மனைவி உள்ளங்கையில் பிடியின் தடம் சிவந்து பதிந்திருந்ததைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். நானும் நண்பரும் இறங்கி, புழுதியில் சிதறிய துளசி மாலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உதறிக் கூடையில் போட்டோம். குன்றுக்கு நடந்துதான் போனோம். கற்பூரம் அன்று வண்டிக்குக் காட்டப்படவில்லை.

வண்டியை வாங்கமாட்டார் என்று நினைத்தேன். வாங்கினார். “வண்டி மேல என்ன குத்தம் இருக்கு? அது சொன்ன மாதிரிதான செஞ்சிச்சு” என்றார். ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அவர் மனைவி ஒரு காரியம் செய்துவிட்டார். மகளின் சடையிலிருந்த சிவப்பு ரிப்பனை உருவி, சாவி வளையத்தை ஸ்டீரிங் தண்டோடு சேர்த்து முடிச்சுப் போட்டார். சாவியை எடுக்க வேண்டுமென்றால் முடிச்சை அவிழ்க்க வேண்டும். ஓடுகிற வண்டியில் ஒரு கையால் அது ஆகாது. ரிப்பன் நைந்துபோனால் வேறு ரிப்பன் வரும். அவர்கள் அந்த வண்டியை வைத்திருந்தவரை முடிச்சு இருந்தது. பழைய வண்டியும் பட்டறையிலேயே நின்றது. இரண்டையும் ஒப்பிடச் சொல்லி அவர் என்னிடம் மறுபடி கேட்கவில்லை.

அன்று மாலை நான் ஒரு செய்தி அனுப்பினேன். புரட்டாசிச் சனிக்கிழமை, பக்தர்கள் கூட்டம், கோவிந்தா முழக்கம். கண்மாய்க்கரை அதில் இல்லை. யாருக்கும் காயமில்லாததால் அது செய்தியும் இல்லை. அதற்கு முன்பு பலமுறை ‘கார் கட்டுப்பாட்டை இழந்து’ என்று எழுதியிருக்கிறேன். அதன்பிறகு அந்தச் சொற்களை எழுத வேண்டி வந்தபோதெல்லாம், அந்த வண்டியில் எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காமல் ஒருவன் உட்கார்ந்திருந்தானோ என்று ஒரு கணம் பேனா நிற்கும். இப்போதும் குறிப்பேடு வைத்திருக்கிறேன், ஆனால் பக்கத்தில் இருப்பவருக்குத் தேவைப்படும் என்று பட்டதை முதலில் வாயால் சொல்லிவிடுகிறேன்; எழுதுவது அதற்குப் பிறகுதான்.