சுவிட்ச் கிரஹாம் வீட்டில் இருந்தது

டிசம்பர் மாதம் எனக்குக் கண்ணில் படுமுன்பே மூக்கில்தான் வந்து சேரும். ஆண்டு முழுவதும் பெட்டிக்குள் சுருண்டு கிடந்த மின்விளக்குச் சரங்களை வெளியே எடுத்துப் புல்தரையில் நீட்டிப் போடும்போது, வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக்கின் மணமும், வேலிக்கு அப்பால் நின்ற யூக்கலிப்டஸ் மரத்தின் மணமும், யாரோ வீட்டுப் பின்முற்றத்தில் இரும்புத் தட்டில் வதங்கும் வெங்காயத்தின் மணமும் ஒன்றாய்க் கலந்து வருமே, அதுதான் என் சிறுவயதின் கிறிஸ்மஸ். பனியை நான் படத்தில் மட்டுமே கண்டிருக்கிறேன். எங்கள் கிறிஸ்மஸ் வியர்த்துக் கொட்டும் கிறிஸ்மஸ்.

மெல்பேர்னின் கிழக்கே, ரோவிலில், ஒரு முட்டுச்சந்தில் வாடகைக்கு இருந்தோம். அத்தகைய தெருவை இங்கே "கோர்ட்" என்பார்கள். படகில் வந்து, தற்காலிக விசாவில் இருந்து, அந்த விசாவுக்காகவே வக்கீல் வீட்டுக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்துகொண்டிருந்த அப்பா, வீட்டு முகவரியை முதன்முதலில் வாசித்தபோது, "வழக்காடவும் கோர்ட்டு, குடியிருக்கவும் கோர்ட்டோ?" என்று கேட்டுச் சிரித்தாராம். அம்மா இன்றும் அதைச் சொல்லுவார்.

அந்தக் கோர்ட்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. டிசம்பரின் முதற் சனிக்கிழமை, எல்லா வீட்டாரும் தத்தம் வாசலில் நின்று, ஒரே குரலில் பத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணி, ஒரே கணத்தில் தங்கள் வீட்டு விளக்குகளைப் போடுவார்கள். அதன்பின் கிறிஸ்மஸ் வரை மாலைதோறும் வேறு ஊர்களிலிருந்தெல்லாம் கார்கள் ஊர்ந்து வரும். பின் ஆசனத்துக் குழந்தைகள் கண்ணாடியை இறக்கிக் கைகாட்டுவார்கள். நாங்கள் குடிவந்த முதல் டிசம்பரில், எதிர்வீட்டுக் கிரஹாம் ஒரு விளக்குச் சரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து கதவைத் தட்டி, ஏணியையும் தானே கொண்டுவந்து, எங்கள் கூரை விளிம்பில் கட்டிவிட்டுப் போனார். ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர், வாய் ஓயாதவர். ஏழு வயதுச் சிறுமியான என்னையும் "மேட்" என்றுதான் அழைப்பார். நான் பதிலுக்குக் "கிரஹாம் அங்கிள்" என்பேன். தான் யாருக்கும் அங்கிள் இல்லை என்று முதலில் மறுத்துப் பார்த்தவர், பிறகு விட்டுவிட்டார். அன்று மாலை அம்மா தட்டு நிறைய மரக்கறி ரோல்ஸ் பொரித்து அனுப்பினார். கோர்ட்டில் எங்களுக்கு ஓர் இடம் கிடைத்த நாள் அது.

நான் ஒன்பது வயதை எட்டிய ஆண்டின் குளிர்காலத்தில், யாழ்ப்பாணத்தில் அப்பாவின் தகப்பனார் காலமானார். அப்பா மூத்த மகன். கொள்ளி வைக்க வேண்டியவர். ஆனால் எங்கள் விசாவோடு இந்த நாட்டை விட்டு வெளியேறியவர் திரும்பி உள்ளே வர முடியாது. குசினியில், அடுப்புக்கு எதிரே கதிரையில் அமர்ந்து, தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்த தொலைபேசியில், ஊரில் தன் தம்பி கொள்ளிக்குடத்தோடு சுற்றிவருவதை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். படம் இடையிடையே உறைந்து நின்றது. நின்றபோதெல்லாம் அவர் திரையைத் துடைத்தார், குறை கண்ணாடியில்தான் இருக்கிறது என்பதுபோல.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கோடு துடக்குத் தீட்டுக் கழிந்தாலும், ஆண்டு நிறைவில் வரும் ஆட்டைத்திவசம் வரை இழவு வீட்டில் கொண்டாட்டம் இல்லை. தீபாவளிக்கு எண்ணெய்ச்சட்டி அடுப்பில் ஏறவில்லை. அன்று காலை மல்கிரேவிலிருந்து பவானி அன்ரி வந்தார். அம்மாவின் ஊர்க்காரி, தூரத்துச் சொந்தம். முறுக்கும் பயற்றம் பணியாரமும் நிறைந்த பெரிய டப்பாவை மேசையில் வைத்து, "இந்தா பிள்ளை, சாப்பிடு" என்றார்.

"எங்கட வீட்டில இந்த வருசம் பலகாரம் இல்லை, அன்ரி."

"சுடத்தான் கூடாது. ஆரும் கொண்டு வந்தா தின்னலாம். அதுக்குத்தானே சொந்தக்காரர் இருக்கிறம். வாயை மூடிக்கொண்டு சாப்பிடு."

"வாயை மூடிக்கொண்டு எப்பிடிச் சாப்பிடுறது?"

"உவளின்ர வாயைப் பாரன்!" என்று அன்ரி அம்மாவிடம் திரும்பினார். "உங்கட வழக்குக்கு வேற வக்கீல் தேடாதேங்கோ."

டிசம்பர் வந்தது. கோர்ட்டில் ஏணிகள் சாய்ந்தன. எங்கள் சரம் மட்டும் கராஜில் பெட்டிக்குள்ளேயே இருந்தது. என் வகுப்பில் படித்த பக்கத்து வீட்டுப் பையன், "உங்கள் வீட்டுக்கு மறந்துபோச்சா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி எனக்குச் சுட்டது. அப்போது நான் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியிருந்த பெருமையோடு திரிந்த காலம். தருக்கத்தால் தகர்க்க முடியாத கோட்டை உலகில் இல்லை என்று நம்பியவள், குசினியையே மேடையாக்கி அப்பாவின் முன் நின்றேன்.

"அப்பா, கிறிஸ்மஸ் எங்கட கொண்டாட்டம் இல்லைத்தானே?"

"ஓம்."

"எங்கட இல்லாத கொண்டாட்டத்துக்கு எங்கட தடை எப்பிடிப் பொருந்தும்?"

தேநீர்க் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். "எங்கட இல்லையெண்டா, நாங்கள் ஏன் பிள்ளை லைற் போடவேணும்?"

இன்றுவரை எத்தனையோ மேடைகளில் எத்தனையோ மறுப்புரைகளைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சிக்கனமான மறுப்புரையைக் கேட்டதில்லை. பிறகு அவர் தம் வலக்கையைப் பார்த்தபடி இன்னொன்றும் சொன்னார்: "கொள்ளி வைக்காத கையால நான் ஒரு விளக்கும் கொளுத்தமாட்டன்." தன் தகப்பனுக்குச் செய்ய அவருக்கு மிஞ்சியிருந்தது இந்த ஓராண்டு இருட்டு மட்டுமே என்பது, ஒன்பது வயதிலும், அந்தக் குரலில் எனக்குக் கேட்டது. ஆனாலும் எனக்கு விளக்கு வேண்டும். இரண்டையும் ஒருசேரச் சுமந்துகொண்டு முற்றத்துக்குப் போனேன்.

கிரஹாம் ஏணியின் உச்சியில் நின்றார். எங்கள் கூரையை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "மேட், நான் உன் அப்பாவுக்கு ஏதாவது பிழை செய்துவிட்டேனா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இரண்டு ஆண்டுகளாகக் கைகாட்டிய மனிதர் இப்போது தலையைக் குனிந்துகொண்டு காரில் ஏறுகிறார் என்பதே அவருடைய கவலை. நான் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன்: இறப்பை, விசாவை, கொள்ளியை, எண்ணெய்ச்சட்டியை. பவானி அன்ரி கொண்டுவந்த முறுக்கையும் சொன்னேன். கிரஹாம் ஏணியிலிருந்து இறங்கினார். "அப்படியென்றால் நீங்கள் செய்யத்தான் கூடாது. பிறர் கொண்டுவந்தால் வாங்கலாம். சரியா?" என்று கேட்டார். ஓம் என்றேன். ஏணியை அப்படியே விட்டுவிட்டுக் கராஜுக்குள் போய்விட்டார்.

முதற் சனிக்கிழமை பின்னேரம் எங்கள் கதவு தட்டப்பட்டது. வாசலில் கிரஹாம். தோளில் விளக்குச் சரம். கையில் செம்மஞ்சள் நிறத்தில் நீளமான இணைப்பு வயர், அதன் மறுமுனை எதிர்வீட்டுச் சுவர்வரை தெருவைக் குறுக்கே கடந்து கிடந்தது. கார் ஏறி நசுக்காமலிருக்க அதன்மேல் பழைய கால்மிதிகளை வரிசையாகப் போட்டிருந்தார். அப்பாவிடம், தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "உங்கள் தந்தைக்காக வருந்துகிறேன்" என்றார். பிறகு வயரைக் காட்டி, "நீங்கள் எதையும் தொட வேண்டாம். இது என் விளக்கு, என் மின்சாரம். நான் கொண்டுவந்தேன், அவ்வளவுதான்" என்றார்.

அப்பா கதவுப்பிடியை விடவில்லை. நான் அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது, கோபமும் இல்லாமல் கெஞ்சலும் இல்லாமல்:

"பவானி கொண்டு வந்ததைத் திருப்பி அனுப்பினனாங்களே?"

"அது பலகாரம்."

"இது மட்டும் என்னவாம்? அயலட்டை கொண்டு வந்தா வாசலில வைச்சே திருப்புறது?"

அப்பா கதவை அகலத் திறந்தார். "சுவிட்ச் அவற்ர வீட்டிலயே இருக்கட்டும்" என்று என்னிடம் தமிழில் சொன்னார். அதை நான் மொழிபெயர்த்தேன். என் வாழ்நாளின் முதல் மொழிபெயர்ப்பு அது. கிரஹாம் இராணுவ வீரனைப்போல் நெற்றியில் கைவைத்து வணக்கம் சொன்னார்.

ஒன்பது மணி ஆகியும் வானம் வெளிறிக் கிடந்தது. இங்கே கோடையில் இருட்டே தாமதமாகத்தான் வேலைக்கு வரும். எல்லோரும் எண்ணினார்கள். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எண்ணாமல், வாசலில் நின்றார். "ஒன்று" என்றபோது கோர்ட் முழுவதும் ஒளிர்ந்தது. எதிர்வீட்டுச் சுவரிலிருந்து கிரஹாம் போட்ட சுவிட்சில் எங்கள் கூரையும் ஒளிர்ந்தது. அப்பா சிரிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தார். அப்படியே நின்றார். முதற் கார் எங்கள் வாசலில் வேகம் குறைத்தபோது, பின்னால் கட்டியிருந்த கைகளில் ஒன்றை எடுத்து, உள்ளிருந்த குழந்தைக்கு அசைத்தார்.

கிறிஸ்மஸ் முடிந்ததும் வயரைத் திருப்பிக் கொடுக்க அப்பா புறப்பட்டார். அம்மா தடுத்தார்: பலகாரம் வந்த ஏனத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பும் வழக்கம் நமக்கு இல்லை. சுட்டுக் கொடுப்பதற்கோ ஆட்டைத்திவசம் கழிய வேண்டும். ஆகவே அந்த வயர் எங்கள் கராஜில் காத்துக் கிடந்து, அடுத்த தீபாவளியன்று, சுருளின் நடுவே ஒரு டப்பா முறுக்கோடு தெருவைக் கடந்தது. கிரஹாமும் அந்த வழக்கத்தைத் தன் போக்கில் பிடித்துக்கொண்டார். டப்பாவை எலுமிச்சம்பழங்களால் நிரப்பி, வயரையும் மேலே சுற்றி, டிசம்பரில் திருப்பி அனுப்பினார். அதன்பின் ஆண்டுதோறும் அது போவதும் வருவதுமாகவே இருந்தது. எங்கள் சுவரிலும் சுவிட்ச் உண்டு என்பதை இரு வீட்டாரும் மறந்துவிட்டதாகவே நடந்துகொண்டோம்.

இப்போது எனக்கு நிரந்தர விசா இருக்கிறது. பல்கலைக்கழக விவாத அணியில் இடமும் இருக்கிறது. வாடகைக்கு இருந்த அதே வீட்டை அப்பா வாங்கிவிட்டார். ஆனால் கோர்ட் அந்தக் கோர்ட் அல்ல. யாரும் சேர்ந்து எண்ணுவதில்லை. விளக்குகள் தாமாகவே எரிந்து தாமாகவே அணையும்படி நேரம் குறித்து வைத்திருக்கிறார்கள். சில வீடுகளில் சரமே இல்லை. புல்தரையில் குத்திவைத்த ஒரு கருவி சுவர் முழுவதும் பச்சைப் புள்ளிகளைத் தெளிக்கிறது. ஏணிகளைக் காணோம்.

கிரஹாம் சென்ற குளிர்காலத்தில் இறந்தார். சவப்பெட்டியைத் தூக்க ஆள் போதாது என்று அவருடைய மகள் கேட்க, அப்பா இடது முன்பக்கம் நின்று தூக்கினார். டிசம்பர் வந்தது. முதற் சனிக்கிழமையும் வந்தது. அப்பா விளக்குப் பெட்டியைத் திறக்கவே இல்லை. எனக்குப் புரிந்தது, ஆனாலும் பழகிய வாய் கேட்டுவிட்டது.

"அப்பா, செத்தவருக்கு ஒரு வருசம் லைற் போடாமல் இருக்கிறது எங்கட வழக்கம்தானே? கிரஹாம் அங்கிளின்ர வழக்கம் இல்லையே?"

"லைற் மட்டும் எங்கட வழக்கமே பிள்ளை? இத்தனை வருசமாப் போட்டனாங்கள்தானே."

இரண்டாம் முறையாகவும் தோற்றேன். கராஜிலிருந்து இரண்டு கதிரைகளை எடுத்துவந்து வாசலில் போட்டேன். கோர்ட்டில் எங்கள் வீடும் எதிர்வீடும் மட்டும் இருண்டிருக்க, கார்கள் வேகம் குறைக்காமல் எங்களைக் கடந்து போயின. ஒரு பின் ஆசனத்திலிருந்து மட்டும் யாரோ கைகாட்டினார்கள். அப்பா பதிலுக்குக் கைகாட்டினார். நானும் காட்டினேன்.